டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்கலையா? கை விரிச்சது யாருன்னு முதல்ல பாருங்க

"டிபி டவுன்"னு குரூப்ல ஒரு மெசேஜ் வந்து விழும், அடுத்த நிமிஷமே யாராவது ஆப்பை ரீஸ்டார்ட் பண்ணிடுவாங்க, ஒரு அரை மணி நேரம் எல்லாம் ஓடும், மறுபடி அதே கதை. இத நான் பல தடவை பாத்திருக்கேன். அதுல பாதிக்கு மேல டேட்டாபேஸ் டவுனே ஆகல, அது பாட்டுக்கு சும்மா உக்காந்துட்டு இருக்கும். நம்ம ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல பூல் (முன்னாடியே திறந்து வெச்ச கனெக்ஷன்கள கேக்கறவங்களுக்கு குடுத்து, திருப்பி வாங்கி வெக்கற இடம்) இருக்கு, நெட்வொர்க் இருக்கு, அந்தப் பக்கம் செர்வர் இருக்கு. இந்த மூணுல யார் "முடியாது"ன்னு சொன்னாங்கன்னு எரர் மெசேஜே சொல்லிடும், நாமதான் முழுசா படிக்கிறதில்ல.

நான் இங்க எழுதறது ஸ்பிரிங் பூட் ஆப், ஹிகாரி பூல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இந்த செட்டப்ப வெச்சு. மைஎஸ்க்யூஎல் ஆளுங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும், வித்தியாசம் வர்ற இடத்துல சொல்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ரீஸ்டார்ட் பட்டன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் எடுத்து வெச்சுக்கோங்க: ஆப் ப்ராசஸ்ல ஒரு த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் இப்ப எந்த வரியில நிக்குதுங்கற பட்டியல்), டேட்டாபேஸ்ல பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி வியூவோட (ஒவ்வொரு கனெக்ஷனும் இப்ப என்ன பண்ணுதுன்னு காட்டறது) மொத்த அவுட்புட். ரெண்டும் சேர்ந்து ஒரு நிமிஷம் கூட ஆகாது. ரீஸ்டார்ட் பண்ணிட்டா அந்தத் தடயம் போச்சு, அடுத்த தடவை விழற வரைக்கும் காத்திருக்கணும்.

ஆப் ஸ்டார்ட்டே ஆகல, "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்"னு உடனே வருது

இங்க "உடனே"ங்கற வார்த்தைதான் முக்கியம். மில்லி செகண்ட்ல திரும்பி வருதுன்னா நம்ம பாக்கெட் அந்த மெஷின் வரைக்கும் போய் சேந்திருக்கு, ஆனா அந்த போர்ட்ல கேக்கறதுக்கு ஆள் இல்ல. பெரும்பாலும் இதுதான். போஸ்ட்கிரெஸ் ஓடலையா, 5432-க்கு பதிலா வேற போர்ட்ல ஓடுதா, இல்ல லிசன் அட்ரஸஸ் செட்டிங் டிஃபால்ட்டா லோக்கல்ஹோஸ்ட்லயே இருக்கா, இந்த மூணையும் பாருங்க. கடைசி செட்டிங்க மாத்துனா ரீலோட் போதாது, செர்வர ரீஸ்டார்ட் பண்ணியே ஆகணும்.

டாக்கர்ல ஓட்டறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது மாட்டுற இடம் இன்னொண்ணு. கனெக்ஷன் யூஆர்எல்ல லோக்கல்ஹோஸ்ட்னு இருக்கும், லேப்டாப்ல ஜோரா ஓடியிருக்கும், கன்டெய்னர்ல போட்டதும் ரெஃப்யூஸ்ட். கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னரேதான், பக்கத்து கன்டெய்னர்ல இருக்கற டேட்டாபேஸ் இல்ல. கம்போஸ் ஃபைல்ல டேட்டாபேஸுக்கு என்ன சர்வீஸ் பேர் குடுத்தீங்களோ அதத்தான் ஹோஸ்ட்டா போடணும்.

அப்படியே தொங்கிட்டு நின்னு, அப்புறம் "டைம்டு அவுட்"னு வருது

இது முந்தினதுக்கு நேர் எதிர். பாக்கெட் போச்சு, பதிலே வரல. ஃபயர்வாலோ செக்யூரிட்டி க்ரூப்போ சத்தமில்லாம முழுங்கிடுது, இல்லன்னா ரூட்டிங்ல தப்பு, இல்லன்னா ஐபியே தப்பு. போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவர் கனெக்ட் டைம்அவுட் டிஃபால்ட்டா 10 செகண்ட் வெச்சிருக்கு. அந்த மாதிரி டைம்அவுட் எதுவும் இல்லாத டிரைவர்னா லினக்ஸே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி 2 நிமிஷத்துக்கு மேல இழுத்துட்டுதான் கைவிடும்.

செக் பண்றது எங்கேருந்துன்னு கவனம் வேணும். "என் லேப்டாப்லேருந்து கனெக்ட் ஆகுதே"ங்கறது எதையும் நிரூபிக்காது, உங்க லேப்டாப் விபிஎன் வழியா வேற பாதையில போகுது. ஆப் ஓடற அதே கன்டெய்னருக்குள்ள, குபர்னெட்டீஸ்னா அதே பாட்-க்குள்ள போய் என்சி கமாண்ட் வெச்சு அந்த ஹோஸ்ட், அந்த போர்ட் திறக்குதான்னு பாருங்க. அங்க திறக்கலன்னா ஜாவா கோட பாக்கறது நேர விரயம், நெட்வொர்க் டீம்கிட்ட போங்க, போகும்போது எந்த ஐபிலேருந்து எந்த ஐபி, எந்த போர்ட், எத்தன மணிக்குன்னு எழுதிக் குடுங்க, இல்லன்னா அந்த டிக்கெட் ரெண்டு நாள் சுத்தும்.

செர்வர் பேசுது, ஆனா உள்ள விடல

"நோ பிஜி ஹெச்பிஏ கான்ஃப் என்ட்ரி ஃபார் ஹோஸ்ட்"னு வந்தா கனெக்ஷன் போய் சேந்துடுச்சு, அந்த ஐபி, அந்த யூசர், அந்த டேட்டாபேஸ் மூணுக்கும் சேத்து பொருந்தற வரி பிஜி ஹெச்பிஏ கான்ஃப் ஃபைல்ல (யார எங்கேருந்து உள்ள விடணும்னு செர்வர் பாக்கற ஃபைல்) இல்ல. மெசேஜோட கடைசியில "நோ என்க்ரிப்ஷன்"னு இருக்கான்னும் பாருங்க, இருந்தா செர்வர் எஸ்எஸ்எல் கனெக்ஷன மட்டும்தான் ஏத்துக்குதோன்னு சந்தேகப்படணும். அந்த ஃபைல்ல மேலேருந்து கீழ பாத்து முதல்ல பொருந்தற வரியத்தான் எடுத்துக்கும், அதுல பாஸ்வேர்ட் ஃபெயில் ஆனா அடுத்த வரிக்கு போகாது. மாத்தினதுக்கப்புறம் ரீலோட் போதும்.

"ஆதென்டிகேஷன் டைப் 10 நாட் சப்போர்ட்டட்"னு வந்தா பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிக்காதீங்க, உங்க ஜேடிபிசி டிரைவர் பழசு. போஸ்ட்கிரெஸ் 14-லேருந்து ஸ்க்ராம்ங்கற பாஸ்வேர்ட் முறைதான் டிஃபால்ட், 42.2.0-க்கு முந்தின டிரைவருக்கு அது தெரியாது. டிரைவர் ஜார ஏத்துனா முடிஞ்சது.

மைஎஸ்க்யூஎல்ல "ஹோஸ்ட் இஸ் பிளாக்ட்"னு 1129 எரர் வந்தா, அந்த மெஷின்லேருந்து கனெக்ஷன் ஆரம்பிச்சு பாதியிலயே அறுந்து போனது தொடர்ச்சியா 100 தாண்டிடுச்சுன்னு அர்த்தம். பழைய வெர்ஷன்னா ஃப்ளஷ் ஹோஸ்ட்ஸ் பண்ணா திறக்கும், 8.4-லேருந்து அந்த கமாண்ட எடுத்துட்டாங்க, பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமால இருக்கற ஹோஸ்ட் கேஷ் டேபிள ட்ரன்கேட் பண்ணணும், ஆனா அறுத்தது யாருன்னு தேடுங்க, ஏதாவது ஹெல்த் செக் போர்ட்ட தொட்டுட்டு தொட்டுட்டு ஓடுதான்னு பாருங்க.

"கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள், ரிக்வஸ்ட் டைம்டு அவுட் ஆஃப்டர் 30000எம்எஸ்"

இதுக்காகத்தான் இவ்வளவும் எழுத உக்காந்தேன். ஏன்னா இந்த எரர் டேட்டாபேஸ் குடுக்கற எரரே இல்ல. இது ஹிகாரி சொல்றது. "என்கிட்ட இருக்கற கனெக்ஷன் எல்லாம் யார் கையிலயோ இருக்கு, 30 செகண்ட் பாத்தேன், யாரும் திருப்பித் தரல"ங்கறதுதான் இதோட தமிழ். மேல "ஹிகாரி பூல் 1"னு பேர் போட்டுத்தான் வரும், ஆனாலும் எல்லாரும் டேட்டாபேஸ பாத்துக்கற டிபிஏ-வ எழுப்புவாங்க.

புது வெர்ஷன்ல அதே வரியிலயே கணக்கும் வரும்: டோட்டல் 10, ஆக்டிவ் 10, ஐடில் 0, வெயிட்டிங் 37. பழைய வெர்ஷன்னா ஹிகாரிக்கு டிபக் லாக் போட்டுவிடுங்க, 30 செகண்டுக்கு ஒரு தடவை இந்தக் கணக்க எழுதும். இந்த நாலு நம்பர வெச்சு எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்ணலாம்.

டோட்டல் உங்க பூல் சைஸுக்கு (இங்க 10) கீழ இருந்தா, 2-ன்னோ 0-ன்னோ காட்டுனா, பூலால புது கனெக்ஷன் போடவே முடியல. அப்ப கீழ "காஸ்டு பை"ன்னு இருக்கற வரிதான் உண்மையான எரர், அத எடுத்துட்டு மேல சொன்ன மூணு பகுதிக்கு திரும்பப் போங்க.

டோட்டல் 10, ஆக்டிவும் 10-ன்னா டேட்டாபேஸ்ல போய் அந்த 10 கனெக்ஷனும் என்ன பண்ணுதுன்னு பாக்கணும். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டில ஸ்டேட்ங்கற பத்தியப் பாருங்க. எல்லாம் "ஆக்டிவ்"னு இருந்து ஒரே க்வெரி ஓடிட்டு இருந்தா க்வெரி ஸ்லோ, இன்டெக்ஸ் போச்சா, ப்ளான் மாறிடுச்சான்னு பாருங்க. வெயிட் ஈவென்ட் டைப்ல "லாக்"னு இருந்தா யாரோ ஒருத்தர் ஒரு ரோவ பிடிச்சு வெச்சிருக்காங்க, பிஜி பிளாக்கிங் பிட்ஸ் ஃபங்ஷன் கேட்டா யாருன்னு சொல்லிடும். ஆனா ஸ்டேட் "ஐடில் இன் ட்ரான்ஸாக்ஷன்"னு வரிசையா நின்னா அங்கதான் நிறுத்தி யோசிக்கணும். டேட்டாபேஸ் வேலைய முடிச்சுட்டு நம்ம ஆப் அடுத்து என்ன சொல்லப் போகுதுன்னு காத்துட்டு இருக்கு. நம்ம ஆப் வேற எங்கயோ நிக்குது.

எனக்கு நடந்தத சொல்றேன், ஏன்னா இந்த இடம் அனுபவிச்சாத்தான் புரியும். ஆர்டர் சேவ் பண்ற ஒரு மெத்தட், மேல ட்ரான்ஸாக்ஷனல் அனோட்டேஷன், அதாவது மெத்தட் முடியற வரைக்கும் ஒரே ட்ரான்ஸாக்ஷன், ஒரே கனெக்ஷன். உள்ள ஆர்டர் ரோ இன்சர்ட், ஸ்டாக் அப்டேட், கடைசியா கஸ்டமருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வெளி சர்வீஸுக்கு ஒரு ஹெச்டிடிபி கால். ரெண்டு வருஷம் பிரச்சன இல்லாம ஓடிச்சு, ஏன்னா அந்த எஸ்எம்எஸ் சர்வீஸ் நூறு மில்லி செகண்ட்ல பதில் சொல்லிட்டு இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் அது மெதுவாகி ஒரு காலுக்கு 8 செகண்ட் எடுக்க ஆரம்பிச்சது. அவ்வளவுதான். 8 செகண்டும் கனெக்ஷன் நம்ம கையில, ட்ரான்ஸாக்ஷன் திறந்தபடி. லாகின் பேஜ் கூட திறக்கல, லாகினுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா ரெண்டும் ஒரே பூல். டேட்டாபேஸ் சிபியு அந்த நேரத்துல காலியா இருந்துச்சு. நாங்க முதல் ஒரு மணி நேரம் டேட்டாபேஸத்தான் நோண்டிட்டு இருந்தோம்.

கணக்கு போட்டுப் பாருங்க, பளிச்னு தெரியும். ஒரு ரிக்வஸ்ட் கனெக்ஷன 20 மில்லி செகண்ட் வெச்சிருந்தா, 10 கனெக்ஷன்ல செகண்டுக்கு 500 ரிக்வஸ்ட் தாங்கும். அதே ரிக்வஸ்ட் 8 செகண்ட் வெச்சிருந்தா செகண்டுக்கு ஒண்ணேகால். பூல 10-லேருந்து 50 ஆக்குனா ஆறேகால் ஆகும். அதனாலதான் பூல் சைஸ ஏத்தறது முதல் மருந்தா இருக்கவே கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், கனெக்ஷன எவ்வளவு நேரம் பிடிச்சு வெச்சிருக்கோம்ங்கறதுதான் கேள்வி. நாங்க அந்த எஸ்எம்எஸ் கால ட்ரான்ஸாக்ஷன் கமிட் ஆனதுக்கு அப்புறம் ஓடற மாதிரி வெளிய எடுத்தோம், அதுக்கும் ஒரு டைம்அவுட் போட்டோம், பூல் 10-லயே இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

இந்த மாதிரி இடத்த கண்டுபிடிக்க த்ரெட் டம்ப் போதும். அதுல ஹிகாரியோட கெட் கனெக்ஷன்ல நிக்கற த்ரெட் நூத்துக்கணக்குல இருக்கும், டாம்கேட் டிஃபால்ட்டாவே 200 த்ரெட் வரைக்கும் திறக்கும் இல்லையா, அதெல்லாம் அடிபட்டவங்க, அவங்கள விட்டுடுங்க. மீதி ஒரு பத்து த்ரெட் வேற எங்கயோ சாக்கெட் ரீட்ல நிக்கும். அதோட ஸ்டாக் ட்ரேஸ கீழ வரைக்கும் படிச்சா நம்ம க்ளாஸ் பேர், லைன் நம்பர் எல்லாம் வந்துடும்.

கூடவே ஹிகாரியோட லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்ட ஒரு 10 செகண்டுக்கு வைங்க, டிஃபால்ட்டா அது ஆஃப்ல இருக்கும், 2 செகண்டுக்கு கீழ வெச்சா ஏத்துக்காது. அந்த நேரத்துக்கு மேல யாராவது கனெக்ஷன வெச்சிருந்தா, வாங்கின இடத்தோட ஸ்டாக் ட்ரேஸோட வார்னிங் வரும். வார்னிங் வந்துட்டதாலேயே லீக்னு முடிவு கட்டாதீங்க, கொஞ்சம் கழிச்சு "அன்லீக்ட்"னு இன்னொரு வரி வந்தா அது திரும்பி வந்துடுச்சு, வெறும் லேட்டுதான். அந்த ரெண்டாவது வரி வரவே இல்லன்னா நிஜமான லீக், யாரோ டேட்டா சோர்ஸ்லேருந்து நேரா கனெக்ஷன் எடுத்து, எக்செப்ஷன் வந்த பாதையில க்ளோஸ் பண்ணாம விட்டிருக்காங்க. ட்ரை வித் ரிசோர்சஸ்குள்ள போட்டா தீரும்.

இன்னும் ரெண்டு ஒளிஞ்சிருக்கற காரணம். ஸ்பிரிங் பூட்ல ஓபன் இன் வியூ டிஃபால்ட்டா ஆன். முதல் க்வெரில வாங்கின கனெக்ஷன ரெஸ்பான்ஸ் முழுசா போற வரைக்கும் பிடிச்சுக்கும், அதனால ட்ரான்ஸாக்ஷனுக்கு வெளியதான ஹெச்டிடிபி கால் வெச்சிருக்கோம்னு நாம நினைச்சாலும் கனெக்ஷன் கையிலதான் இருக்கும். ஸ்டார்ட்அப்ல அது ஒரு வார்னிங்கே குடுக்குது. அத ஆஃப் பண்ணுங்க, அதுக்கப்புறம் லேஸி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன் (அப்புறமா எடுத்துக்கலாம்னு விட்ட டேட்டாவ ட்ரான்ஸாக்ஷன் முடிஞ்சதும் தொட்டா வர்றது) கிளம்பும், அத ஒண்ணொண்ணா சரி பண்ணிக்கணும், ஆனா பண்ணறதுக்கு தகுந்த வேலை.

ரெண்டாவது, ரிக்வயர்ஸ் நியூ. ஒரு ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள ஆடிட் லாக் எழுத இன்னொரு புது ட்ரான்ஸாக்ஷன் திறப்பாங்க, அப்ப ஒரே த்ரெட்டுக்கு ரெண்டு கனெக்ஷன் வேணும். பத்து த்ரெட் ஒரே நேரத்துல முதல் கனெக்ஷன வாங்கிட்டா, பத்தும் ரெண்டாவதுக்கு காத்து நிக்கும், யாரும் விட மாட்டாங்க, 30 செகண்ட் கழிச்சு எல்லாம் சேந்து விழும். லோட் டெஸ்ட் பண்ணாத வரைக்கும் தெரியாது. முட்டிக்காம இருக்க குறைஞ்சது எவ்வளவு வேணும்னு ஹிகாரியோட விக்கில ஒரு ஃபார்முலா இருக்கு: த்ரெட் எண்ணிக்கைய, ஒரு த்ரெட்டுக்கு வேண்டிய கனெக்ஷன்ல ஒண்ணு கழிச்சதால பெருக்கி, ஒண்ணு கூட்டணும். 200 த்ரெட், ஆளுக்கு ரெண்டுன்னா 201. அவ்வளவு பெருசா பூல் வெக்கறத விட அந்த ஆடிட்ட வெளிய எடுக்கறதுதான் சரி.

"சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி"

இது நிஜமாவே போஸ்ட்கிரெஸ் சொல்றது. மேக்ஸ் கனெக்ஷன்ஸ் டிஃபால்ட் 100, அதுல 3 சூப்பர்யூசருக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கும், ஆக நமக்கு 97. மைஎஸ்க்யூஎல்ல 151, எரர் நம்பர் 1040.

பெரும்பாலும் இது டிப்ளாய்மென்ட் நேரத்துல வரும். பூல் சைஸ் 20, ஆப் 4 இன்ஸ்டன்ஸ், ஆக 80, சரியாத்தான இருக்குன்னு தோணும். ரோலிங் டிப்ளாய் அப்ப பழசும் புதுசும் கொஞ்ச நேரம் சேந்து ஓடும், இன்னும் ரெண்டு இன்ஸ்டன்ஸ் கூட எழுந்தாலே 120. அதுக்கு மேல பேட்ச் ஜாப், ரிப்போர்ட் டூல், யாரோ திறந்து வெச்ச பிஜி அட்மின். ஹிகாரி வேற டிஃபால்ட்டா மினிமம் ஐடிலையும் மேக்ஸிமத்துக்கே வெச்சிருக்கும், அதனால ட்ராஃபிக் இல்லாதப்பவும் 20-ஐயும் பிடிச்சுட்டு உக்காந்திருக்கும்.

மேக்ஸ் கனெக்ஷன்ஸ 500-க்கு ஏத்திடலாம்னு கை துறுதுறுங்கும். போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி ப்ராசஸ், மெமரி தின்னும், அதுவும் செர்வர் ரீஸ்டார்ட் கேக்கும். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆப்பும் எத்தன வெச்சிருக்குன்னு பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டில அப்ளிகேஷன் நேம்ங்கற பத்திய வெச்சு எண்ணுங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கும் கனெக்ஷன் யூஆர்எல்ல பேர் போட்டு வெக்கறது அஞ்சு நிமிஷ வேலை, அது இருந்தா இந்த மாதிரி நேரத்துல தலைவலி பாதி குறையும். நிஜமாவே இன்ஸ்டன்ஸ் நிறைய வேணும்னா நடுவுல பிஜி பவுன்சர் (நிறைய ஆப் கனெக்ஷன கொஞ்ச டேட்டாபேஸ் கனெக்ஷன்ல பகிர்ந்து குடுக்கறது) போடுங்க. ட்ரான்ஸாக்ஷன் மோட்ல போட்டுட்டு "ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்"னு வந்தா பயப்படாதீங்க, 1.21 வெர்ஷன்லேருந்து மேக்ஸ் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்ஸ் செட்டிங் இருக்கு, பழைய வெர்ஷன்னா ஜேடிபிசி பக்கம் ப்ரிப்பேர் த்ரெஷோல்ட 0 ஆக்குங்க.

ராத்திரி பூரா சும்மா இருந்துட்டு காலையில முதல் ரிக்வஸ்ட் மட்டும் விழுது

நடுவுல இருக்கற யாரோ கனெக்ஷன அறுத்துட்டாங்க, பூலுக்கு தெரியல. மைஎஸ்க்யூஎல்லோட வெயிட் டைம்அவுட் 28800 செகண்ட், அதாவது 8 மணி நேரம். ஏடபிள்யூஎஸ் நேட் கேட்வே 350 செகண்ட் சும்மா இருந்தா விட்டுடும். அஸ்யூர் லோட் பேலன்சர் டிஃபால்ட் 4 நிமிஷம். லினக்ஸோட டிசிபி கீப்அலைவ் முதல் பாக்கெட்ட அனுப்பறது 2 மணி நேரம் கழிச்சு, அதுக்குள்ள காரியம் முடிஞ்சிருக்கும்.

லாக்ல "ஃபெயில்டு டு வேலிடேட் கனெக்ஷன்"னு வார்னிங் வந்து, மேக்ஸ் லைஃப்டைம குறைக்கப் பாருங்கன்னு அதுவே சொல்லும். ஹிகாரி ஒரு கனெக்ஷன குடுக்கறதுக்கு முன்னாடி உயிரோட இருக்கான்னு பாத்துதான் குடுக்கும், ஆனா ஃபயர்வால் சத்தமில்லாம முழுங்கற இடத்துல அந்தப் பாக்கறதுக்கே 5 செகண்ட் வரைக்கும் போகும். செத்துப்போன கனெக்ஷன் வரிசையா ஆறு கிடைச்சா 30 செகண்ட் காலி, முந்தின பகுதியில பாத்த அதே டைம்அவுட் எரர் இங்கயும் வரும். அதனால நேரத்தையும் சேத்துப் பாருங்க: ட்ராஃபிக் அதிகமா இருக்கறப்ப வந்தா பிடிச்சு வெச்சிருக்கற பிரச்சன, அமைதியா இருந்ததுக்கு அப்புறம் வந்தா இது.

கீப்அலைவ் டைம 2 நிமிஷத்துக்கு வைங்க, மேக்ஸ் லைஃப்டைம் டிஃபால்ட் 30 நிமிஷம், அது செர்வரோ ப்ராக்ஸியோ வெச்சிருக்கற எல்லைய விட கொஞ்சம் குறைவா இருக்கணும். நிறைய பேர் ஐடில் டைம்அவுட்ட மாத்திட்டு ஒண்ணும் ஆகலையேங்கறாங்க. மினிமம் ஐடில் மேக்ஸிமத்த விட குறைவா இருந்தாத்தான் அந்த செட்டிங்குக்கு உயிரே.

ஃபெயில்ஓவர் ஆச்சு, டேட்டாபேஸ் வந்துடுச்சு, ஆப் மட்டும் எழல

"கேனாட் எக்ஸிக்யூட் இன்சர்ட் இன் எ ரீட் ஒன்லி ட்ரான்ஸாக்ஷன்"னு வந்தா பூல்ல இருக்கற கனெக்ஷன் பழைய ப்ரைமரியோட (எழுதறத ஏத்துக்கற முதன்மை செர்வர்) நிக்குது, அது இப்ப ரெப்ளிகா, அதாவது படிக்க மட்டும் விடற நகல். படிக்கறது ஓடும், எழுதறது விழும், பாதி வேலை செய்யறதால கண்டுபிடிக்க லேட் ஆகும். யூஆர்எல்ல ரெண்டு ஹோஸ்ட்டையும் குடுத்து டார்கெட் செர்வர் டைப்ப ப்ரைமரின்னு போட்டா புது கனெக்ஷன் சரியான இடத்துக்கு போகும், பழசத்தான் பூல்லேருந்து வெளிய தள்ளணும், அதுக்கு ஹிகாரில சாஃப்ட் எவிக்ட் இருக்கு.

த்ரெட் எல்லாம் சாக்கெட் ரீட்ல செத்த மாதிரி நின்னா இன்னொரு காரணம்: போஸ்ட்கிரெஸ் டிரைவர்ல சாக்கெட் டைம்அவுட் டிஃபால்ட் 0, எவ்வளவு நேரம்னாலும் காத்திருக்கும். மெஷின் பவர் போன மாதிரி மறைஞ்சா அதுக்கு தகவலே வராது. உங்களோட நீளமான க்வெரிய விட கொஞ்சம் அதிகமா ஒரு நம்பர் கண்டிப்பா வைங்க.

சரி பண்ணிட்டோம்னு நம்பறதுக்கு முன்னாடி ஸ்டேஜிங்ல லோட் ஓடிட்டு இருக்கறப்பவே பிஜி டெர்மினேட் பேக்எண்ட் வெச்சு ஆப்போட எல்லா கனெக்ஷனையும் ஒரே அடியா கொன்னு பாருங்க. கையில க்வெரி ஓடிட்டு இருந்த சில ரிக்வஸ்ட் எரர் அடிக்கும், அது நியாயம். அடுத்த சில செகண்ட்ல டோட்டல் மறுபடி 10-க்கு வந்து வெயிட்டிங் 0-க்கு இறங்கணும். இறங்கலன்னா த்ரெட் டம்ப் எடுங்க, இன்னும் ஏதோ ஒரு இடத்துல யாரோ பிடிச்சுட்டு இருக்காங்க.